ஓரியோ போட்டு வீட்டு ஐஸ்கிரீம்: மூன்றாவது தடவையும் பாறையாகிவிட்டது

ஈரோட்டுமஞ்சள் | சனி, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த ஞாயிறு பையனுக்குப் பத்தாவது பிறந்தநாள். கேக் வேண்டாமாம். "கறுப்பு பிஸ்கட் போட்ட வெள்ளை ஐஸ்கிரீம்" வேண்டுமாம். கடையில் வாங்கிவிடலாம்தான், ஆனால் நானே செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதல் தடவை பாலையும் பிஸ்கட்டையும் சேர்த்து மிக்ஸியில் அடித்து அச்சில் ஊற்றினேன். சிமெண்ட் நிறத்தில் குச்சி ஐஸ் வந்தது. இரண்டாம் தடவை விப்பிங் கிரீம் வாங்கி அதையும் மிக்ஸியில் விட்டேன். ஒரே நிமிஷத்தில் வெண்ணெய் தனி, மோர் தனி. (உருக்கி நெய்யாக்கிவிட்டேன், வீண் போகவில்லை.) மூன்றாவது நேற்று: அரை லிட்டர் நீல பாக்கெட் பால் காய்ச்சி ஆறவைத்தது, 200 மில்லி ஃப்ரெஷ் கிரீம், 100 கிராம் சர்க்கரை, 10 பிஸ்கட் உடைத்துப் போட்டது. டப்பாவில் ஊற்றி ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்தேன்.

காலையில் ஸ்பூன் வளைந்துவிட்டது. மாமனார் தேங்காய் உடைக்கிற அரிவாளை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். மேலே அரை அங்குலத்துக்குப் பிஸ்கட் சேறு, கீழே வெறும் பால் ஐஸ்.

சிங்கிள் டோர் பிரிட்ஜ். கிரீம் அடிக்கிற பீட்டர் கிடையாது, ஐஸ்கிரீம் மெஷினும் கிடையாது. எங்கே தப்பு செய்கிறேன்?


மொட்டைமாடி | சனி, இரவு 9:52

அரிவாளோடு நிற்கிற மாமனார் படம் இருந்தால் போடுங்கள் அக்கா, மற்றதை அப்புறம் பார்க்கலாம்.


பால்கணக்கு | சனி, இரவு 10:15

கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், அரை லிட்டரில் 15 கிராம். ஃப்ரெஷ் கிரீம் 25 சதவீதம், 200 மில்லியில் 50 கிராம். மொத்தம் 65. உங்கள் கலவை சுமார் 800 கிராம். ஆக 8 சதவீதம். நம் நாட்டு உணவுச் சட்டப்படி சும்மா "ஐஸ்கிரீம்" என்று லேபிள் ஒட்டவே பால்கொழுப்பு 10 சதவீதமாவது இருக்க வேண்டும்.

கொழுப்பைவிடப் பெரிய வில்லன் தண்ணீர். பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், கிரீமிலும் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். கூட்டினால் உங்கள் டப்பாவில் 70 சதவீதத்தைத் தாண்டுகிறது. நல்ல ஐஸ்கிரீம் கலவையில் 60லிருந்து 65க்குள் இருக்கும். மிச்சத் தண்ணீர் முழுக்கப் பனிக்கட்டியாகத்தானே போகும்?

மூன்றாவது, காற்று. கடையில் விற்கிற ஒரு லிட்டர் டப்பாவைத் தூக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான் இருக்கும். மீதி காற்று. உங்களுடையதில் காற்றே கிடையாது. ஊற்றி வைத்தீர்கள், அப்படியே உறைந்தது. ஸ்பூன் மேல் பழி போட வேண்டாம்.


அடுப்பங்கரை | சனி, இரவு 10:31

சகோ, கணக்கெல்லாம் சரி, அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிரீம் வேண்டும்.

மஞ்சள், சுலப வழி ஒன்று. பேக்கரி சாமான் விற்கிற கடையில் நான்-டெய்ரி விப்பிங் கிரீம் கிடைக்கும், கட்டியாக உறைந்திருக்கும். முதல் நாள் கீழ்த்தட்டில் வைத்து இளகவிடுங்கள். 400 மில்லி எடுத்து நன்றாக நுரைக்க அடித்து, 150 கிராம் மில்க்மெய்டை மெதுவாகக் கலந்து, பிஸ்கட் தூவி உறையவிட்டால் முடிந்தது. பல வீடியோக்களில் ஒரு டின் மில்க்மெய்டையும் முழுசாகக் கொட்டுவார்கள். வேண்டாம். அந்தக் கிரீமிலேயே பெரும்பாலும் சர்க்கரை இருக்கும், பிஸ்கட்டிலும் சர்க்கரை. தித்திப்பு நெற்றியில் ஏறும்.

பீட்டர் இல்லாவிட்டால் ஒரு உபாயம். வாய் அகன்ற ஹார்லிக்ஸ் பாட்டிலை ஃப்ரீசரில் குளிரவைத்து, பாதி அளவுக்குக் கிரீம் ஊற்றி, மூடி போட்டுக் குலுக்குங்கள். முதலில் "களக் களக்" என்று கேட்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் மந்தமாகி ஒரு கட்டத்தில் நின்றுவிடும். நின்ற உடனே நிறுத்திவிட வேண்டும். பால் கிரீமாக இருந்தால் அதற்கு மேல் இருபது குலுக்கு குலுக்கினாலும் உங்கள் நெய்க்கதைதான் மறுபடி.


பால்கணக்கு | சனி, இரவு 10:44

நான்-டெய்ரி கிரீம் என்பது தாவர எண்ணெய். அதில் செய்தால் ஐஸ்கிரீம் இல்லை, ஃப்ரோசன் டெசர்ட். கடை டப்பாவில் பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருப்பான். பையன் பிறந்தநாளுக்கு டால்டாவுக்கு அண்ணன் தம்பியைக் கொடுக்கப்போகிறீர்களா?


அடுப்பங்கரை | சனி, இரவு 10:50

சித்திரை வெயிலில் உண்மையான பால் கிரீமை மின்விசிறிக்கு அடியில் நின்று அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? கிரீம் ஐந்து டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால்தான் நுரை நிற்கும். பாத்திரத்துக்கு அடியில் ஐஸ், கரண்டி ஃப்ரீசரில், எல்லாம் செய்தும் எனக்கு இரண்டு தடவை திரிந்திருக்கிறது. நான்-டெய்ரி அப்படி ஏமாற்றாது. கொள்கை பேசுவது சுலபம்.


மொட்டைமாடி | சனி, இரவு 10:53

அந்த பிஸ்கட் கிரீமே எண்ணெயும் சர்க்கரையும்தானே பால்கணக்கு சார். அதை மட்டும் எப்படி உள்ளே விட்டீர்கள்?


பால்கணக்கு | சனி, இரவு 11:02

…அது விருந்தாளி. விருந்தாளியிடம் சாதிச் சான்றிதழ் கேட்கக் கூடாது.


கல்லுப்பு | ஞாயிறு, காலை 5:50

காலை வணக்கம். மெஷின் இல்லை என்கிறாரே அந்தம்மா, மெஷினா முக்கியம்? பள்ளி விடுமுறையில் நான் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவன். அங்கே மரவாளி, நடுவில் தகரக் குடுவை, சுற்றிலும் ஐஸும் உப்பும், மேலே கைப்பிடி. அதைச் சுற்றியே தோள்பட்டை விட்டுப்போகும். அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி 1843ல் காப்புரிமை வாங்கிய யோசனை அது. அதை வீட்டில் தூக்குவாளியில் செய்யலாம்.

இறுக்கமாக மூடுகிற இரண்டு லிட்டர் எவர்சில்வர் தூக்கு ஒன்று. அது உள்ளே போய்ச் சுற்றிலும் நாலு விரல் இடம் இருக்கிற மாதிரி பிளாஸ்டிக் வாளி ஒன்று. மூன்று கிலோ உடைத்த ஐஸ், ஒரு கிலோ கல்லுப்பு. ஐஸ் ஒரு அடுக்கு, உப்பு ஒரு பிடி என்று மாற்றி மாற்றிப் போடவும். வெறும் ஐஸ் பூஜ்யத்தில்தான் நிற்கும். உப்பு பட்டால் ஐஸ் அதற்குக் கீழேயே உருக ஆரம்பிக்கும், உருகுவதற்கு வேண்டிய சூட்டைத் தூக்கிலிருந்து இழுத்துக்கொள்ளும். சும்மாவே மைனஸ் பத்துக்குக் கீழே போய்விடும்.

தூக்கில் முக்கால் பாகத்துக்கு மேல் கலவை ஊற்றக் கூடாது, காற்றுக்கு இடம் வேண்டும். பிடியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மூடியைத் துடைத்துத் திறந்து, ஓரத்தில் பிடித்திருப்பதை மரக்கரண்டியால் சுரண்டி நடுவே தள்ளிக் கலக்க வேண்டும். அந்தச் சுரண்டல்தான் வேலையே. சுரண்டாவிட்டால் ஓரத்தில் ஐஸ், நடுவில் பால்.

நுணுக்கி விற்கிற மேஜை உப்பு வேண்டாம், சட்டென்று கரைந்து அடியில் போய்விடும். கல்லுப்பு நிதானமாகக் கரையும். (பெயர்ப் பொருத்தம் பார்க்க வேண்டாம்.)


ஈரோட்டுமஞ்சள் | ஞாயிறு, காலை 7:20

ஐயா, தூக்குவாளி இருக்கிறது! மாமியார் சீர். மாமனாருக்கும் சுற்றுகிற வேலை கிடைத்த மாதிரி ஆச்சு.

அப்படியானால் எந்தக் கலவையை ஊற்றுவது? நுரைக்க அடிக்காமல் செய்யலாமா? வீடியோக்களில் ஜிஎம்எஸ், சிஎம்சி பவுடர் என்று ஏதோ போடுகிறார்களே, அது அவசியமா?


பால்கணக்கு | ஞாயிறு, காலை 8:05

சுற்றிக்கொண்டே உறையவைத்தால் தனியாக நுரைக்க அடிக்கத் தேவையில்லை. கல்லுப்பு ஐயா சொன்னதோடு நான் நூறு சதவீதம் ஒத்துப்போகிறேன், குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி நடக்காது.

ஆரஞ்சு பாக்கெட் பால் ஒரு லிட்டர் வாங்குங்கள், கொழுப்பு 6 சதவீதம். அடி கனமான பாத்திரத்தில் பாதியாகச் சுண்டுகிற வரைக்கும் காய்ச்சவும். 120 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. ஒரு ஸ்பூன் கார்ன்ஃப்ளோரை ஆறின பாலில் கரைத்து ஊற்றி இரண்டு நிமிஷம் கொதிக்க வேண்டும், இல்லாவிட்டால் பச்சை மாவு வாடை அடிக்கும். ஆறியதும் 200 மில்லி கிரீம். இப்போது கொழுப்பு 13 சதவீதம், தண்ணீர் 60க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கிரீமுக்கு முன்னால் நிறுத்தினால் இது நம்ம குல்ஃபி ரூட்தான்.

அந்தப் பவுடர்கள் வேண்டாம். ஜிஎம்எஸ் கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிப்பது, சிஎம்சி தண்ணீரை அசையவிடாமல் வைப்பது. விஷமெல்லாம் இல்லை, வாரக்கணக்கில் கடையில் இருக்க வேண்டிய சரக்குக்குத் தேவை. அன்றைக்கே காலியாகப்போவதற்குக் கார்ன்ஃப்ளோர் போதும்.

இரண்டு எச்சரிக்கை. கெட்டியாகட்டும் என்று பால்பவுடரை அள்ளிப் போடாதீர்கள், பால்சர்க்கரை அதிகமானால் நாக்கில் மணல் மாதிரி நெருடும். சர்க்கரையையும் ரொம்பக் குறைக்காதீர்கள். அது தித்திப்புக்கு மட்டும் இல்லை, முழுசாக உறையவிடாமல் தடுப்பதே அதுதான். டயட் என்று பாதி சர்க்கரை போட்டால் மாமனார் மறுபடி அரிவாளோடு வருவார்.

முக்கியமாக, கலவையை முதல் நாளே செய்து ராத்திரி முழுக்க பிரிட்ஜில் (ஃப்ரீசரில் இல்லை) குளிரவைக்கவும். சூடாக வாளிக்குள் இறக்கினால் ஐஸ் முழுக்க அந்தச் சூட்டைத் தணிக்கவே போய்விடும்.


பனங்கட்டி | ஞாயிறு, காலை 10:12

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே ஐஸ்கிரீம் என்றால் ஆட்களுக்கு ஒரு பைத்தியம், நல்லூர்க் கோயிலடிக்கு வந்தால் தெரியும். வீட்டில் நாங்கள் ரின்பால் (உங்கட மில்க்மெய்ட் மாதிரி) போட்டுத்தான் செய்கிறனாங்கள்.

அக்கா, நான் சொல்ல வந்தது கரண்ட். போன வருசம் என் மகளுக்கு இதே பிஸ்கட் ஐஸ்கிரீம் நல்ல பதமாகச் செய்து வைத்தேன். மத்தியானம் மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. பாதி இளகி, திரும்ப இறுகி, பின்னேரம் எடுத்துப் பார்த்தால் வாய்க்குள் கண்ணாடித்தூள் மாதிரி. சின்னச் சின்ன ஐஸ் உருகி, திரும்ப இறுகும்போது பெரிய ஐஸாகச் சேர்ந்துவிடுகிறது. அதை ஒன்றும் செய்ய ஏலாது, மில்க் ஷேக்தான். அதனால் பிறந்தநாள் அன்று கரண்ட் நிற்குமா என்று முதலில் பாருங்கோ.

மற்றது, கருவாட்டுப் பக்கத்தில் வைக்காதையுங்கோ. கொழுப்பு எல்லா மணத்தையும் இழுக்கும். மல்லிகைப்பூ வைத்த பிரிஜ்ஜில் செய்தது கல்யாண வீட்டு மணம் மணந்தது.


அடுப்பங்கரை | ஞாயிறு, காலை 10:40

மேற்பரப்பில் காற்று படாமல் பிளாஸ்டிக் தாளை ஒட்டி விரித்து, அதன் மேல் மூடி போட்டால் வாடையும் ஏறாது, மேலே பனித்தூளும் பூக்காது. சிங்கிள் டோரில் ஃப்ரீசர் கதவை அடிக்கடி திறக்க வேண்டாம், குமிழை முந்தின நாளே அதிகபட்சத்துக்குத் திருப்பிவிடுங்கள். பிளாஸ்டிக் டப்பாவைவிட எவர்சில்வர் டிபன் பாக்ஸ் நல்லது. தட்டையாக, அதன் அடிப்பாகம் ஃப்ரீசர்த் தட்டில் நேராகப் படுகிற மாதிரி வையுங்கள். சீக்கிரம் உறைந்தால் ஐஸ் பொடியாக இருக்கும்.

பிஸ்கட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே? தலைப்பே அதுதான்.


சோடாபுட்டி | ஞாயிறு, பகல் 11:30

பேசுகிறேன். ஓரியோ நியூயார்க்கில் 1912ல் வந்தது. அதே மாதிரி பிஸ்கட் ஹைட்ராக்ஸ் 1908லேயே வந்துவிட்டது. பாவம், மூத்தவனைத்தான் உலகம் காப்பி என்று நினைத்தது. நம் ஊர்க் கடைக்கு ஓரியோ வந்தது 2011ல். அதை ஐஸ்கிரீமில் போடும் யோசனைக்கு அமெரிக்காவில் பலர் உரிமை கொண்டாடுகிறார்கள், அதில் தெற்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகப் பால்பண்ணைக்காரர்கள் 1979ல் நாங்கள்தான் செய்தோம் என்பார்கள். அந்தக் கறுப்பு நிறம் கரியும் இல்லை, தீய்ந்ததும் இல்லை. கோகோவைக் காரம் (மிளகாய்க் காரம் இல்லை, அல்கலி) சேர்த்துப் பக்குவப்படுத்தினால் கசப்பு குறைந்து நிறம் கறுக்கும்.


மொட்டைமாடி | ஞாயிறு, பகல் 11:34

சோடாபுட்டி அண்ணன் ஐஸ்கிரீம் உருகிய பிறகுதான் சாப்பிடக் கூப்பிடுவார் போல.


அடுப்பங்கரை | ஞாயிறு, பகல் 12:10

நான் செய்வது இப்படி. 12 பிஸ்கட். எட்டைக் கையால் நாலு துண்டாக உடைப்பேன், சீராக வேண்டியதில்லை. மீதி நாலைப் பையில் போட்டுப் பூரிக்கட்டையால் ரவை மாதிரி நொறுக்குவேன். மிக்ஸி வேண்டவே வேண்டாம். மாவானால் ஐஸ்கிரீம் முழுக்கச் சாம்பல் பூசிக்கும், அதுதான் உங்கள் முதல் தடவைக் கதை.

நடுவில் உள்ள வெள்ளைக் கிரீமைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது வேண்டாத வேலை. குளிரில் அது மெழுகு மாதிரி கொஞ்சம் கடிபடும்தான், ஆனால் அது பட்ட பக்கத்தில் ஈரம் ஏறாமல் பிஸ்கட் மொறுமொறுப்பாகவே இருக்கும்.

உடைத்த துண்டுகளை ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, கடைசியில் சேருங்கள். மஞ்சள் செய்ததில் பிஸ்கட் மேலே மிதந்து சேறானதற்குக் காரணம், தண்ணியாக இருந்த பாலில் போட்டதுதான். மாவு புளிக்கிற வரைக்கும் தாளிப்பைத் தொடாத மாதிரி, கலவை கெட்டியாகிற வரைக்கும் பிஸ்கட்டைத் தொடக் கூடாது.


கல்லுப்பு | ஞாயிறு, பகல் 1:05

இட்லி மாவுப் பதம். கரண்டியில் எடுத்து விட்டால் தொப்பென்று விழுந்து அப்படியே ஒரு நிமிஷம் மேடாக நிற்க வேண்டும். அப்போது பிஸ்கட்டைப் போட்டு, அடியிலிருந்து மடித்து விடவும், கலக்க வேண்டாம். அதோடு சுற்றுவதையும் நிறுத்தி ஃப்ரீசருக்கு மாற்றிவிட வேண்டும்.


பனங்கட்டி | ஞாயிறு, பின்னேரம் 3:40

அடுத்த நாள் பிஸ்கட் நமுத்துப் போகுதே, அது சரியா?


அடுப்பங்கரை | ஞாயிறு, மாலை 4:15

அது நமுப்பு இல்லை, ஊறல்! ஒரு ராத்திரி இருந்தால் ஐஸ்கிரீமின் ஈரத்தைக் குடித்து கேக் மாதிரி மெத்தென்று ஆகும். எனக்கு அதுதான் பிடிக்கும். கறுக் கறுக் என்று வேண்டுமென்றால், உருக்கிய டார்க் சாக்லேட்டில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் சேர்த்து, துண்டுகளைப் புரட்டி ஆறவைத்துப் போடுங்கள். மேலே ஓடு மாதிரி கட்டிக்கொள்ளும், ஈரம் உள்ளே போகாது. செக்கு எண்ணெய் ஊற்றினால் அவியல் வாடை வரும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.


ஈரோட்டுமஞ்சள் | அடுத்த ஞாயிறு, இரவு 10:25

முடிந்தது! காலையிலிருந்து நடந்ததைச் சொல்கிறேன்.

பால் நேற்றே சுண்டக் காய்ச்சி வைத்தாகிவிட்டது. காலை ஏழு மணிக்கு மொட்டைமாடியில் (ஆளைச் சொல்லவில்லை, இடத்தை) வாளி, ஐஸ், உப்பு. முதல் இருபது நிமிஷம் ஒன்றுமே நடக்கவில்லை. பால் பாலாகவே இருந்தது, என் வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது தடவை திறந்தபோது ஓரத்தில் வெள்ளையாகத் தோசை ஓரம் மாதிரி ஒரு ஏடு. சுரண்டித் தள்ளினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவைக்கும் கனம் ஏறியது. முக்கால் மணி நேரத்தில் மாமனார் "இனி சுத்த முடியலம்மா" என்றார். அவருக்குத்தான் முடியவில்லையோ என்று கரண்டியை விட்டால், தொப்! அப்படியே நின்றது. கல்லுப்பு ஐயா சொன்ன அதே மேடு.

ஒரு சறுக்கல். நடுவில் மூடியைத் துடைக்காமல் திறந்ததில் இரண்டு சொட்டு உப்புத்தண்ணீர் உள்ளே விழுந்துவிட்டது. அந்த இடத்தைக் கரண்டியோடு வழித்து எடுத்துவிட்டேன். அப்புறம் மூடிக்கு மேல் பிளாஸ்டிக் பை போட்டு ரப்பர் பேண்ட் மாட்டித்தான் சுற்றினோம்.

பிஸ்கட் பாதிக்குச் சாக்லேட் ஓடு, பாதி சும்மா. சாயந்திரம் ஆறு மணிக்கு வெளியே எடுத்துப் பத்து நிமிஷம் விட்டேன், ஸ்பூன் வளையாமல் இறங்கியது. கடை ஐஸ்கிரீம் அளவுக்கு லேசாக இல்லை, கொஞ்சம் கனம்தான், பால்கோவா வாசனையும் இருந்தது. எட்டுப் பிள்ளைகள், பதினைந்து நிமிஷம், டப்பா காலி. பையன் சாக்லேட் ஓடு போட்ட துண்டுகளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மிச்சத்தைத் தாத்தாவிடம் தள்ளினான். அவர் அதைச் சாப்பிட்டுவிட்டு "அடுத்த தடவ அந்தக் கறுப்பு இல்லாம செய்மா" என்கிறார். ஒரு வாரம் பிஸ்கட்டுக்காக அடித்துக்கொண்டோம்!

எல்லாருக்கும் நன்றி. பால்கணக்கு சார், நான் இனி ஃப்ரோசன் டெசர்ட் சாப்பிட மாட்டேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.


பால்கணக்கு | அடுத்த ஞாயிறு, இரவு 10:40

கனமாக இருந்தது கையால் சுற்றியதால். காற்று அவ்வளவுதான் ஏறும். எனக்கு அப்படித்தான் பிடிக்கும். பையனுக்கு வாழ்த்துகள்.


கல்லுப்பு | திங்கள், காலை 5:45

சந்தோஷம்மா. ஒன்று கேட்க மறந்துவிட்டேன். வாளியில் மிஞ்சின உப்புத்தண்ணீரை எங்கே கொட்டினீர்கள்? செடி பக்கம் விடக் கூடாது.


ஈரோட்டுமஞ்சள் | திங்கள், காலை 6:30

ஐயோ. மாமனார் "ஜில்லுனு இருக்கு, வீணாக்க வேணாம்" என்று கறிவேப்பிலைக்கு ஊற்றிவிட்டார்.


கல்லுப்பு | திங்கள், காலை 6:32

தரையில் உள்ள செடியா, தொட்டியா? எதுவானாலும் இப்போதே நல்ல தண்ணீர் நாலைந்து குடம் விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள். தொட்டியானால் அடி ஓட்டை வழியாக ஓடுகிற வரைக்கும். போய் ஊற்றிவிட்டு வந்து எழுதுங்கள்.